அமெரிக்காவில் மரம் விலை இறங்கினால் பெருந்துறையில் வீட்டு விலை இறங்குமா?

நீங்கள் கேட்டது இதுதான்: ஈரோடு மாவட்டம் பெருந்துறை பக்கத்தில் 12 சதுரம், அதாவது 1,200 சதுர அடியில், தரைத்தளம் மட்டும் ஒரு வீடு. உங்கள் பெரியப்பா 2019-ல் சதுர அடி 1,650 ரூபாய்க்கு முடித்தார். உங்களிடம் இப்போது 2,500 கேட்கிறார்கள். அமெரிக்காவில் மரம் விலை விழுந்தது, சீனாவில் கம்பி விலை விழுந்தது, நம்ம நாட்டிலேயே சிமென்ட்டுக்கு ஜிஎஸ்டி குறைந்தது, இங்கே மட்டும் ஏன் இறங்கவில்லை, ஒரு வருஷம் பொறுத்தால் இறங்குமா என்கிறீர்கள். கூடவே, சிங்கப்பூரில் இருக்கும் தம்பி "இங்கத்த விலைக்கு ஊரில் கட்டுறது சும்மா மாதிரி" என்று சொல்கிறாரே, அது நிஜமா என்றும் ஒரு கேள்வி. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விலை இறங்கும் என்பதற்காக மட்டும் பொறுக்க வேண்டாம்ங்க. தம்பி சொல்வது பாதி சரி. காரணம் கொஞ்சம் நீளம்.

உங்கள் 30 லட்சத்தைப் பிரித்துப் போட்டால் ஏறக்குறைய இப்படி வரும். கம்பி சதுர அடிக்கு 4 கிலோ என்று வைத்தால் 4.8 டன். கிலோ 65 ரூபாய்க் கணக்கில் 3.1 லட்சம். சிமென்ட் 550 மூட்டை, மூட்டை 330 வீதம் 1.8 லட்சம். எம்சாண்ட், பிசாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல், முதலாவது கட்ட, அடுத்தது பூச), ஜல்லி எல்லாம் சேர்த்து 2 லட்சத்தை ஒட்டி. சேம்பர் செங்கல் இருபதாயிரத்துச் சொச்சம், அதுவும் 2 லட்சம். கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுகிறவர், சென்ட்ரிங், பிளம்பர், எலக்ட்ரீசியன், டைல்ஸ் ஒட்டுகிறவர், பெயின்டர் என்று எல்லாக் கூலியும் கூட்டினால் 10 லட்சத்தைத் தொடும். டைல்ஸ், கதவு, ஜன்னல், ஒயர், பைப், பாத்ரூம் சாமான், பெயின்ட் வகையில் 8 லட்சம். மீதி 3 லட்சம் கான்ட்ராக்டருக்கு நிற்பது. அஸ்திவார ஆழம், மண், முகப்பு, டைல்ஸின் தரம் இவற்றைப் பொறுத்து எல்லாமே பத்துப் பதினைந்து சதவீதம் முன்பின் ஆகும். ஆனால் கூலிதான் பெரிய துண்டு என்பது மாறாது.

இதில் உலகச் சந்தை விலை வைப்பது எதற்கெல்லாம்? கம்பிக்கு. செம்பு ஒயருக்கு. அலுமினியத்துக்கு. கச்சா எண்ணெயை ஒட்டி ஏறி இறங்கும் பிவிசி பைப்புக்கும் பெயின்ட்டுக்கும். டைல்ஸ் பெரும்பாலும் குஜராத் மோர்பியிலிருந்து வருகிறது, அந்தச் சூளைகள் எரிவாயுவில் ஓடுவதால் அதன் விலையும் ஓரளவு. எல்லாம் கூட்டினால் 7 லட்சம் தேறும், மொத்தத்தில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்ற 23 லட்சமும் உங்கள் வீட்டைச் சுற்றி நூறு, நூற்றைம்பது கிலோமீட்டருக்குள் முடிவாகிறது: க.பரமத்தி குவாரி, மதுக்கரை, சங்ககிரி, புலியூர் சிமென்ட் ஆலைகள், செங்கல் சூளை, காலையில் ரோட்டோரம் நிற்கும் ஆட்களின் கூலி.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கம்பி விலை ஒரேயடியாக 20 சதவீதம் விழுகிறது என்று வைப்போம். அது பெரிய சரிவு. உங்களுக்கு மிச்சமாவது 62,000 ரூபாய். அதே வருஷம் கூலி 8 சதவீதம் ஏறினால் 80,000 ரூபாய் கூடும். கம்பி கொடுத்ததைக் கூலி வாங்கிக்கொண்டு மேலே 18,000 கேட்கும். சிமென்ட் வரியும் இப்படித்தான். 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதம் 18 ஆனது. பழைய வரியோடு 350 ரூபாய்க்கு விற்ற மூட்டை, ஆலை விலை மாறாமல் இருந்தால், 323 ரூபாய்க்கு வர வேண்டும். மூட்டைக்கு 27 ரூபாய், 550 மூட்டைக்கு 15,000 ரூபாய்க்குள். முழுசாக உங்கள் கைக்கு வந்தாலும் சதுர அடிக்கு 12 ரூபாய்தான். 2,500 என்பது 2,488 ஆனால் யாருக்குத் தெரியும்? வரியில் கவனிக்க வேண்டிய இடம் வேறு. தனி வீட்டுக்குக் கூலி மட்டும் பேசி வேலை வாங்கினால் அந்தக் கூலிக்கு ஜிஎஸ்டி கிடையாது. மெட்டீரியலோடு பேசினால், பதிவு பெற்ற கான்ட்ராக்டர் 18 சதவீதம் போட வேண்டும். 2,500 என்பது அதைச் சேர்த்தா, சேர்க்காமலா என்று முதல் நாளே கேளுங்கள். சிமென்ட் வரி இறங்கியதைவிட இந்த ஒரு கேள்வி பல மடங்கு பெரியது.

வெளிநாட்டில் நடந்தது என்ன என்று பார்ப்போம். 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் இனி வீடு விற்காது என்று நினைத்து அமெரிக்க, கனடா மர ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன. நடந்தது தலைகீழ்: வீட்டில் முடங்கிய மக்கள் வீட்டை இழுத்துக் கட்ட ஆரம்பித்தார்கள், வட்டியும் தரையில் கிடந்தது. ஆயிரம் போர்டு அடி (அங்கே மரத்தை அளக்கும் அளவு) மரம், முன்பேர வர்த்தகத்தில் நானூறு டாலரை ஒட்டி இருந்தது 2021 மே மாதம் 1,600 டாலரைத் தாண்டியது. ஒரு சராசரி புது வீட்டுக்கு மரத்தால் மட்டும் 36,000 டாலர் கூடியதாக அந்த நாட்டு வீடு கட்டுவோர் சங்கம் கணக்குச் சொன்னது. ஆகஸ்டுக்குள் 500-க்குக் கீழே வந்து, 2022 மார்ச்சில் மறுபடி 1,300-க்கு மேல் போய், பிறகு அடங்கியது. அங்கே தனி வீட்டின் எலும்புக்கூடே மரம்தான், அதனால் அவர்களுக்கு அது உயிர் போகிற விஷயம். நம் வீட்டில் மரம் என்பது வாசக்காலும் கதவும். அமெரிக்க மரச் சந்தை நம் ஊர் விலைக்கு எந்த வகையிலும் சாட்சி ஆகாது. இன்னொன்றும் கவனியுங்கள்: மரம் மூன்றில் ஒரு பங்காக இறங்கியபோதும் அங்கே வீடு கட்டும் செலவு 2019 நிலைக்குத் திரும்பவில்லை. இடைப்பட்ட காலத்தில் ஏறிய கூலி இறங்காது.

அதே சமயம் ஆசியாவிலிருந்து போகும் 40 அடி கன்டெய்னர் வாடகை, இரண்டாயிரம் டாலர் அளவில் இருந்தது 2021 செப்டம்பரில் பத்தாயிரம் டாலர் தாண்டியது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர். எரிவாயுவை நம்பி இருந்த ஜெர்மனியில் 2022 மே மாதம் புது வீடு கட்டும் விலை முந்தைய மே மாதத்தைவிட 17.6 சதவீதம் அதிகம், 1970-க்குப் பிறகு அப்படி ஒரு ஏற்றம் இல்லை. பிரிட்டனில் கட்டுமானப் பொருள் விலை ஒரே வருஷத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறியது. (அங்கே ஒரு விசித்திரம்: புதுசாகக் கட்டினால் மதிப்புக்கூட்டு வரி பூஜ்யம், பழைய வீட்டைப் புதுப்பித்தால் 20 சதவீதம். நல்ல வீட்டையும் இடித்துவிட்டுக் கட்டச் சொல்கிற வரி.) இந்த ஏற்றம் நம்மையும் தொட்டது, ஆனால் கம்பி வழியாக. இரும்பு ஆலைகளுக்குத் தேவையான கோக்கிங் கரியில் பெரும்பகுதியை இந்தியா இறக்குமதி செய்கிறது, அதிலும் ஆஸ்திரேலியாவை நம்பி. 2022 மார்ச்சில் அது டன்னுக்கு 600 டாலரைத் தாண்டியது. வெளிநாட்டில் நல்ல விலை கிடைத்ததால் ஆலைகள் ஏற்றுமதிக்கு ஓடின, உள்ளூரில் கம்பி கிலோ 75, 80 என்று போனது. 2022 மே 22 அன்று மத்திய அரசு பல வகை உருக்குப் பொருட்களுக்கு 15 சதவீத ஏற்றுமதி வரி போட்டதும் விலை மடமடவென்று சரிந்தது. நவம்பரில் வரியை எடுத்துவிட்டார்கள். உலக விலை நம் ஊர் கம்பிக் கடை வரை வந்து போனதை இவ்வளவு தெளிவாகப் பார்க்கக் கிடைத்த சந்தர்ப்பம் வேறில்லை.

சீனாவில் கம்பி விழுந்தது நிஜம். உலக உருக்கில் பாதிக்கு மேல் அங்கேதான் உற்பத்தி, வருஷத்துக்கு 100 கோடி டன் அளவில். 2021 மே மாதம் டன் 6,000 யுவானைத் தொட்ட கட்டடக் கம்பி, அவர்களுடைய வீட்டுமனைத் தொழில் படுத்ததும் 2024-ல் ஏறக்குறைய பாதிக்கு வந்தது. ஆனால் சீனக் கம்பி ஈரோட்டுக் கடைக்கு வருவதில்லை. இங்கே விற்கும் டிஎம்டி கம்பிக்கு ஐஎஸ் 1786 என்ற இந்தியத் தர முத்திரை கட்டாயம். நாம் வாங்குவதில் பெரும்பகுதி ஸ்பாஞ்ச் இரும்பும் பழைய இரும்பும் உருக்கி இங்கேயே உருட்டுவது. சீன விலையின் நிழல் விழும், அவ்வளவுதான். சேலத்தில் உருக்காலை இருக்கிறதே, கம்பி மலிவாக வராதா என்று கேட்பவர்களும் உண்டு. சேலம் உருக்காலையின் சரக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பாத்திரத்துக்குத்தான் ஆகும்.

சிமென்ட் கனமான, மலிவான சரக்கு. முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் லாரியில் போனால் லாபத்தை டீசல் தின்றுவிடும். அதனால்தான் ஒரே கம்பெனி மூட்டைக்கு வடக்கே ஒரு விலை, தெற்கே ஒரு விலை. சுண்ணாம்புக்கல் நம் மண்ணிலேயே இருந்தும் விலை குறைவாக இல்லாததற்குக் காரணம், விற்பவர்கள் கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்குச் சிலர் என்பதுதான். 2012-ல் நியாயமான போட்டியைக் கண்காணிக்கும் ஆணையம் 11 சிமென்ட் கம்பெனிகளுக்கு, கூடிப் பேசி விலை வைத்ததாகச் சொல்லி 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. 2021-ல் விலை எகிறியபோது தமிழ்நாடு அரசே வலிமை என்ற பெயரில் 350 ரூபாய்க்கும் 365 ரூபாய்க்கும் மூட்டை விட்டது. இதில் உலகச் சந்தையின் பங்கு, சூளைக்குப் போடும் கரியோடு நின்றுபோகிறது.

கல்லும் மணலும் இன்னும் உள்ளூர்ச் சரக்கு. ஆற்று மணல் ஏறக்குறைய போய்விட்டது, எம்சாண்ட்தான் எல்லாம். கிணத்துக்கடவு, பல்லடம், க.பரமத்தி பக்கக் கல் கோவை, திருப்பூர், ஈரோட்டுக்கு மட்டும் போவதில்லை, வாளையார் தாண்டிக் கேரளாவுக்கும் போகிறது. அங்கே தேவை கூடினால் இங்கே யூனிட் (100 கன அடி) விலை கூடும். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, கனிமங்கள் மீது வரி போட மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாடு கனிம நில வரிச் சட்டம் கொண்டுவந்தது, அது 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்ததும் குவாரி, கிரஷர் வேலைநிறுத்தம் நடந்தது, ஜல்லி விலை கூடியது. டெல்லியில் எழுதிய ஒரு தீர்ப்பு ஒன்பது மாதத்தில் உங்கள் டிப்பர் லோடு விலைக்கு வந்து சேர்ந்த கதை அது. செங்கல்லும் அப்படியே: கோவை தடாகம் பள்ளத்தாக்கில் அனுமதியில்லாமல் ஓடிய சூளைகளை 2021-ல் மூடிய பிறகு, அந்தக் கல்லை நம்பியிருந்த கோவைக்காரர்கள் தூரத்திலிருந்து வண்டி வாடகை கொடுத்து இறக்க வேண்டியதாயிற்று.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் என்று நினைக்காதீர்கள். 2007-ல் இந்தோனேசியா மணல் ஏற்றுமதியை நிறுத்தியதும் சிங்கப்பூரில் கான்கிரீட் விலை எகிறி, அரசு தன் கையிருப்பு மணலைத் திறந்துவிட வேண்டி வந்தது. நியூசிலாந்தில் உள்சுவருக்கு அடிக்கும் ஜிப்சம் பலகையில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் ஒரே கம்பெனியின் சரக்கு. 2022-ல் அந்தப் பலகை கிடைக்காமல், கூரை போட்ட வீடுகள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தன. ஒவ்வொரு நாட்டிலும் செலவை ஏற்றும் சாமான் ஒன்று இருக்கும், அது பெரும்பாலும் உள்ளூர்ச் சாமானாகத்தான் இருக்கும்.

எல்லா நாட்டிலும் ஒரே திசையில் போவது கூலி ஒன்றுதான். ஜப்பானில் 1997-ல் 68 லட்சம் பேருக்கு மேல் கட்டட வேலை செய்தார்கள், இப்போது 48 லட்சத்தை ஒட்டி, அதிலும் மூன்றில் ஒருவருக்கு மேல் 55 வயது கடந்தவர். 2024 ஏப்ரல் முதல் கூடுதல் நேர வேலைக்கும் சட்டம் உச்சவரம்பு வைத்துவிட்டது. ஒசாகா உலகக் கண்காட்சித் திடலுக்கு முதலில் 12,500 கோடி யென் என்றார்கள், 2020-ல் 18,500 கோடி, 2023-ல் 23,500 கோடி. முப்பது வருஷம் விலையே ஏறாத நாடு என்று பேர் எடுத்த நாட்டில் இது. நம் பக்கம் உள்ளூர்ப் பையன்கள் கொல்லத்து வேலைக்கு, அதாவது கொத்து வேலைக்கு, வருவது குறைந்து பல வருஷம் ஆகிறது. பனியன் கம்பெனியிலோ சிப்காட்டிலோ நிழலில் நின்று சம்பளம் வாங்க முடியும்போது சாரத்தில் ஏறச் சொன்னால் யார் வருவார்கள்? ஒடிசா, பீகார், வங்காள ஆட்கள்தான் தளம் போடுகிறார்கள். தீபாவளி, சத் பூஜை, ஹோலி, அவர்கள் ஊர்த் தேர்தல் என்று ரயில் ஏறினால் மூன்று வாரம் சைட் தூங்கும், அந்த மூன்று வாரமும் சென்ட்ரிங் பலகை வாடகை ஓடும்.

இங்கே ஒரு சந்தேகமான விஷயத்தையும் சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது திருப்பூர் ஆர்டர்கள் அடிவாங்கின. பின்னலாடை படுத்தால் ஆட்கள் கட்டட வேலைக்குத் திரும்புவார்கள், கூலி இறங்கும் என்று சிலர் சொன்னார்கள். சித்தாள் கூலி ஏறும் வேகம் சில மாதம் மட்டுப்படலாம். ஆனால் தையல் மிஷினில் உட்கார்ந்தவர் கரணை பிடிக்க வருஷங்கள் ஆகும், அதனால் கொத்தனார் கூலி இதனால் இறங்கும் என்பதை நான் நம்பமாட்டேன். ஆனாலும் பெருந்துறை வீட்டு விலைக்கும் அமெரிக்காவுக்கும் தொடர்பு தேடினால், மரச் சந்தையைவிடத் திருப்பூர் வழிதான் உருப்படியான வழி.

அடுத்து நாடுகளை ஒப்பிடுவது. அமெரிக்காவில் 2024-ல் ஒரு சராசரி புது தனி வீட்டின் கட்டுமானச் செலவு, நிலம் நீங்கலாக, சதுர அடிக்கு 160 டாலர் அளவில். டாலர் 88 ரூபாய் என்றால் 14,000 ரூபாய். நம்மைப்போல் ஐந்தரை மடங்கு. இதைப் பார்த்து நாம் மலிவு என்று சொல்லிவிட முடியாது. அங்கே கட்டட வேலைக்காரரின் சராசரிச் சம்பளம் மணிக்கு 38 டாலர், எட்டு மணி நேரத்துக்கு 26,000 ரூபாய்க்கு மேல். நம் கொத்தனாருக்கு நாளுக்கு 1,150 என்று வையுங்கள். திருப்பிப் பார்த்தால், அங்கே ஒரு சதுர அடியின் விலை ஒரு தொழிலாளியின் நாலேகால் மணி நேரச் சம்பளம். இங்கே ஒரு கொத்தனாரின் இரண்டு நாள் கூலிக்கு மேல். உழைப்பால் அளந்தால் நம் வீடுதான் விலை கூடியது. மரச் சட்டத்தை ஆணித் துப்பாக்கியால் அடித்து, பலகை ஒட்டி, நாலைந்து பேர் எழுப்பிவிடுகிறார்கள். நாம் செங்கல்லைக் கையால் அடுக்கி, இரண்டு பக்கமும் பூசி, ஏழு நாள் தண்ணீர் விட்டு, தட்டோடு பதித்து முடிக்கிறோம். நம் ஊரில் கூலி ஏற ஏற வேலை முறையும் மாறுவது இதனால்தான்: செங்கல் இடத்தில் சாலிட் பிளாக், உள்பூச்சு இடத்தில் ஜிப்சம், கையால் கலப்பதற்குப் பதில் ரெடிமிக்ஸ்.

சிங்கப்பூர்க் கதையும் அதுதான். சாரத்தில் நிற்பவர் பட்டுக்கோட்டைக்காரராகவோ வங்காளதேசத்துக்காரராகவோ இருக்கலாம், கையில் வாங்கும் சம்பளமும் பெரிதல்ல. ஆனால் அவரை வைத்திருக்கும் முதலாளி 2024 முதல் மாதத்துக்கு, தேர்ச்சி பெற்றவர் என்றால் 500 வெள்ளி, அடிப்படைத் தேர்ச்சிக்காரர் என்றால் 900 வெள்ளி, அரசுக்கு லெவி கட்டுகிறார். மேலே தங்குமிடம், காப்பீடு, பாதுகாப்பு விதி, கிரேன் வாடகை. மணலும் ஜல்லியும் கப்பலில் வருகிறது. ஆக, அந்த விலையையும் நம் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதில் அர்த்தமில்லை. தம்பி பக்கம் நியாயம் இருப்பது வேறு இடத்தில். 2019-ல் ஒரு சிங்கப்பூர் வெள்ளி 51 ரூபாய்ச் சொச்சம், 2025 கடைசியில் 68 ரூபாய்க்கு மேல். பெரியப்பாவின் 1,650 அன்றைக்கு 32 வெள்ளி, உங்கள் 2,500 இன்றைக்கு 37 வெள்ளிக்குள். ரூபாயில் 50 சதவீதம் ஏறியது வெள்ளியில் 15 சதவீதம்கூட ஏறவில்லை. பணம் அவர் அனுப்புவதாக இருந்தால் அவர் கணக்கு சரி. உங்கள் சம்பளத்தில் கட்டுவதாக இருந்தால் உங்கள் கணக்கு சரி.

நாணயம் செய்யும் இந்த வேலையை மறந்துவிட்டுப் பார்த்தால் எந்த நாட்டுப் பட்டியலும் ஏமாற்றும். 2021-ல் டாலருக்கு 110 யென், 2024 ஜூலையில் 160. ஜப்பான்காரருக்கு வீட்டு விலை ஏறிக்கொண்டே போக, டாலரில் பார்த்தவருக்கு ஜப்பான் மலிவாகத் தெரிந்தது. இலங்கையில் 2021-ல் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு விற்ற சிமென்ட் மூட்டை 2022-ல் மூவாயிரம் தாண்டியது. சுண்ணாம்புக்கல் விலை ஏறியா? டாலர் 200 ரூபாயிலிருந்து 360 ஆனதும், அந்த டாலரும் கையில் கிடைக்காததும். கட்டுமானச் செலவை வைத்து உலக நகரங்களை வரிசைப்படுத்தி வருஷா வருஷம் ஆலோசனை நிறுவனங்கள் அறிக்கை விடுகின்றன. 2024-ல் ஒரு நிறுவனத்துக்கு நியூயார்க் முதலிடம், சதுர மீட்டருக்கு 5,700 டாலருக்கு மேல். இன்னொன்றுக்கு லண்டன் முதலிடம். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. எந்த வகைக் கட்டடம், எந்த நாள் நாணய மதிப்பு, எதை அளவில் சேர்த்தார்கள் என்பதெல்லாம் வேறு வேறு. அந்தப் பட்டியல்கள் மாடிக் கட்டடம் கட்டும் முதலீட்டாளருக்கு, 12 சதுரம் வீட்டுக்கு அல்ல. உங்களுக்கு வேண்டியது நம் பொதுப்பணித்துறை வருஷாவருஷம் வெளியிடும் விலைப்பட்டியல். சந்தையைவிடக் கொஞ்சம் பின்தங்கி இருக்கும், ஆனால் எது எவ்வளவு ஏறுகிறது என்பதை அதில் நேராகப் பார்க்கலாம்.

பொறுப்பது பற்றி. 1,650 ஆறு வருஷத்தில் 2,500 ஆனது என்றால் கூட்டு வட்டிக் கணக்கில் வருஷம் 7 சதவீதம் சொச்சம். அடுத்த வருஷமும் அப்படியே ஏறும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. கம்பி மட்டும் விழுந்து மற்றது நின்றால் ஒரு வருஷம் அசையாமலும் இருக்கலாம். ஆனால் மொத்த விலை இறங்க வேண்டுமானால் கூலி இறங்க வேண்டும், அது நம் பக்கம் நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. பொறுத்தால் அதிகபட்ச லாபம் அறுபதாயிரம் எழுபதாயிரம். 7 சதவீதம் ஏறினால் நஷ்டம் 2.1 லட்சம், வாடகை தனி. கடன் வட்டியோ வருமானமோ இழுத்தால் அது நியாயமான காரணம், அதற்காகப் பொறுங்கள்.

கட்டுவதாக முடிவானால், விலையைக் கட்டிப்போட்டு ஒப்பந்தம் போட ஆசை வரும். ஆஸ்திரேலியாவில் எல்லோரும் அப்படித்தான் போட்டார்கள். 2022 நடுவில் வீட்டுச் சாமான் விலை ஒரு வருஷத்தில் 17 சதவீதம் ஏறியது, பழைய விலைக்கு ஒப்புக்கொண்ட கம்பெனிகள் வரிசையாக விழுந்தன. 2023 மார்ச்சில் மெல்போர்னில் ஒன்று மூடியபோது 1,700 வீடுகள் அந்தரத்தில் நின்றன. நம் ஊர் மேஸ்திரி திவாலாவதில்லை, போனை எடுக்கமாட்டார், அல்லது கம்பியில் கை வைப்பார். எனவே கம்பிக்கும் சிமென்ட்டுக்கும் மட்டும் அடிப்படை விலை எழுதுங்கள்: கம்பி 65, சிமென்ட் 330, 5 சதவீதம் வரை ஏறினால் கான்ட்ராக்டர் பொறுப்பு, இறங்கினால் அவர் லாபம், அதற்கு மேல் ஏறினாலும் இறங்கினாலும் வித்தியாசம் உங்களுடையது. கம்பி 72-க்குப் போனால் 68.25 வரை அவர், மீதி 3.75 ரூபாய் 4,800 கிலோவுக்கு 18,000 ரூபாய் நீங்கள். கூலியை மட்டும் முழு வேலைக்கும் ஒரே விலையாகப் பேசிவிடுங்கள். அட்வான்ஸ் கட்டம் கட்டமாக: கடக்கால் (அஸ்திவாரம்), பெல்ட் (தரைமட்டக் கான்கிரீட்), லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் கான்கிரீட்), தளம், பூச்சு. முடிந்த வேலையைவிடப் பணம் முந்திப் போகக் கூடாது.

விலை இறங்கியிருக்கும்போது சிமென்ட் வாங்கி அடுக்கிவிடலாம் என்று தோன்றும், வேண்டாம். மூன்று மாதம் கிடந்தால் வலுவில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். கம்பி வாங்கி வைக்கலாம், தரையில் படாமல் கட்டை மேல் அடுக்கி மூடினால் போதும். வாங்கும்போது எடையில் வாங்குங்கள், உருப்படிக் கணக்கில் வேண்டாம். கம்பி விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மில்லி கம்பி, 12 மீட்டர் நீளம், 10.67 கிலோ இருக்க வேண்டும். ஐந்து சதவீதம் வரை முன்பின் இருக்க விதி இடம் தருகிறது, எனவே 10.13-க்குக் கீழே இருந்தால் திருப்பி அனுப்பலாம். எம்சாண்ட் லோடு வந்ததும் டிப்பர் பெட்டிக்குள் டேப் வையுங்கள்: 14 அடி நீளம், 7 அடி அகலம், 4 அடி உயரம் என்றால் 392 கன அடி, நாலு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. ஒரு யூனிட் நாலரை டன் அளவுக்கு வரும், எடைச் சீட்டு இருந்தால் அதிலும் ஒரு பார்வை. ஈரமான மணல் உப்பி நிற்கும், அளவில் ஐந்தில் ஒரு பங்கு வரை ஏமாற்றும்.

இப்போதைக்கு மூன்று பேரிடம் விலை கேட்டு, மூன்றிலும் தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், காம்பவுண்டு, மாடிப்படி அறை, போர்ட்டிகோ, மின் இணைப்பு இவை 2,500-க்குள் வருகிறதா என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பெரியப்பாவின் 1,650-ல் எவையெல்லாம் இருந்தன என்றும் அவரிடமே கேளுங்கள். காம்பவுண்டும் தொட்டியும் அவர் தனியாகக் கட்டியிருந்தால், நீங்கள் பார்க்கும் 50 சதவீத ஏற்றத்தில் ஒரு பகுதி ஏற்றமே கிடையாது.